ஒரு சூலில் இருவர்: இரட்டைப்பேற்றின் காரணம் தேடிய வரலாறு

மக்கட்பேறு பெரும்பாலும் ஒருகால் ஒரு குழவியாகவே அமைகின்றது. யானை, குதிரை, பசு முதலியவற்றைப் போல மனிதனும் ஒற்றைப்பேற்று உயிராகவே எண்ணப்படுவன். அவ்வாறிருக்க, ஒரே சூலில் இருவரோ மூவரோ அதனினும் மிக்கோரோ பிறக்குங்கால், அந்நிகழ்ச்சி எல்லா நாடுகளிலும் மக்களுடைய வியப்பையும் அச்சத்தையும் ஒருங்கே தூண்டிற்று. வேதம் போற்றும் அசுவினி தேவர் இரட்டையர். வான்மீகியின் இராமாயணத்திலே சுமித்திரை ஈன்ற இலக்குவனும் சத்துருக்கனனும், பாரதத்திலே மாத்திரி ஈன்ற நகுலனும் சகதேவனும் இரட்டையர். உரோமாபுரியை நிறுவியோர் என அந்நாட்டார் நம்பிய உரோமுலுசும் இரேமுசும் அத்தகையோரே.

ஆயின், காவியத்திற் போற்றப்பட்ட இரட்டையர் வீட்டிலும் ஊரிலும் எக்காலத்தும் போற்றப்பட்டாரல்லர். ஏன் இருவர் பிறந்தனர் என்னும் வினாவிற்கு ஒவ்வொரு காலத்தாரும் கூறிய விடை வெறும் கருத்தாக ஏட்டில் நின்றுவிடவில்லை. அவ்விடையைப் பொறுத்தே தாய் வாழ்த்தப்பட்டாள் அல்லது தூற்றப்பட்டாள். குழந்தை வளர்க்கப்பட்டது அல்லது காட்டில் எறியப்பட்டது. ஆகவே இரட்டைப்பேற்றின் காரணம் தேடிய வரலாற்றை ஆராயுங்கால், வைத்திய அறிவின் வளர்ச்சியோடு தாய்மார்மீது சுமத்தப்பட்ட பழி படிப்படியாக நீங்கிய வரலாற்றையும் உடன் காணலாம்.

பண்டையோர் கூறிய விடை

பண்டை வைத்திய நூலார் இரட்டைப்பேற்றைத் தெய்வச்செயல் எனக் கூறி அமையாது, உடலிலே அதற்கு ஏது ஒன்று தேட முற்பட்டனர். ஆயுர்வேத முதனூல்களுள் ஒன்றாகிய சுசுருத சங்கிதை தன் சாரீரத்தானத்திலே, கருப்பையுட் சென்ற வித்தினை உள்ளிருக்கும் வாயு இருகூறாகப் பிளக்குமாயின் ஈருயிர்கள் அங்கே தங்கும் என்று கூறுகின்றது. சரக சங்கிதையும் இதனையொத்த கருத்தைக் கூறி, வித்து எத்துணைக் கூறாகுமோ அத்துணைக் குழவிகள் தோன்றும் என விரிக்கின்றது. தமிழிலே திருமூலர் அருளிய திருமந்திரம், கருவின் தோற்றம் கூறுமிடத்தில், அபானவாயு எதிர்த்து நிற்றலை இரட்டைக் குழவிக்கு ஏதுவாக உரைக்கின்றது.

கிரேக்க அறிஞரும் இத்தகைய விளக்கங்களையே நாடினர். கி.மு. 5ஆம் நூற்றாண்டினரான எம்பெடோக்கிளீஸ், வித்து மிகுதலும் அது பிரிதலுமே இரட்டையர்க்குக் காரணம் என்றார். ஹிப்போக்கிரட்டீஸ் பெயரால் வழங்கும் நூற்றொகுதியிலே, கருப்பையிற் பல மடிப்பறைகள் உள எனவும், ஒரே கூட்டத்திற் சென்ற வித்து இருவேறு அறைகளிற் பகிர்ந்து தங்குமாயின் இருவர் பிறப்பர் எனவும் கூறப்பட்டுள்ளது. அரிஸ்டோட்டில் ஒரு பேற்றில் ஐவருக்கு மேற் பிறத்தல் காணப்படவில்லை என்று வரையறுத்ததோடு, நான்கு பேற்றில் இருபது குழந்தைகளை ஈன்ற பெண் ஒருத்தியைப் பற்றியும் எழுதினார். எகிப்து நாட்டிலே இரட்டைப்பேறு மிகுதி என்றும் அவர் குறித்துள்ளார். நாட்டுக்கு நாடு இதன் அளவு வேறுபடும் என்னும் எண்ணத்தின் முதற்குறிப்புக்களுள் இஃதொன்றாகும்.

கருப்பையிற் பல அறைகள் உள என்னும் கொள்கை ஐரோப்பாவில் இடைக்காலத்தில் மேலும் வளர்ந்தது. கருப்பை ஏழறை உடையது. வலப்புறத்து மூன்றில் ஆணும், இடப்புறத்து மூன்றிற் பெண்ணும், நடுவறையில் அலியும் உருவாகும் என நூல்கள் கற்பித்தன. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலி நாட்டுப் பொலோஞ்ஞா நகரிற் பிணவறுவை செய்து கற்பித்த பெரெங்காரியோ டா கார்ப்பி என்பார், இவ்வேழறைக் கொள்கை முற்றும் பொய் என எழுதினார். தலைமுறை தலைமுறையாகப் படித்துவந்த செய்தி, கண்ணாற் கண்டதன் முன் நில்லாதொழிந்தது.

பண்டையோர் கூற்று முழுவதும் பிழையென ஒதுக்கத்தக்கதன்று. ஒன்று இரண்டாகப் பிளத்தல் கூடும் என்னும் அவர்தம் ஊகம், இரட்டையருள் ஒரு சாராரைப் பொறுத்தவரை உண்மையென்றே பிற்காலத்திற் புலனாயிற்று. எனினும், பெண்ணின் உடலிலும் கண்ணுக்குப் புலனாகாத சூல் ஒன்று தோன்றுகின்றது என்பதை அறியாமையால், இரு சூல்கள் ஒருங்கு முதிர்தல் கூடும் என்னும் மற்றைய காரணத்தை அவர்கள் எண்ணியும் பார்த்திலர்.

பழிக்கு ஆளான தாய்மார்

உடற்காரணம் தெளிவாகாதவிடத்து ஐயம் புகுந்தது. ஒரு தந்தைக்கு ஒருகால் ஒரு குழந்தையே பிறக்கும் என்று கொண்டால், இரண்டாவது குழந்தை யாருடையது என்னும் கேள்வி எழுகின்றது. கிரேக்க புராணத்திலே அல்க்மேனே என்பாள் ஈன்ற இரட்டையருள் ஹெராக்கிளீஸ் கடவுளாகிய சியூசின் மகன் எனவும், இபிக்கிளீஸ் அவள் கணவனின் மகன் எனவும் கூறப்பட்டனர். கதையிற் பெருமையாகக் கூறப்பட்டது, வாழ்க்கையிற் பெரும்பழியாக மாறிற்று.

ஒல்லாந்து நாட்டில் ஹேக் நகரை அடுத்த லூஸ்தூயினென் என்னுமிடத்தில் வழங்கும் ஒரு பழங்கதை இதனை நன்கு விளக்கும். ஹென்னபேர்க் பிரபுவின் மனைவியாகிய மார்கரெட் என்பாளிடம் இரட்டைக் குழந்தைகளை ஏந்திய ஏழைப்பெண்ணொருத்தி பிச்சை கேட்டு வந்தாளாம். ஒரு கணவனுக்கு இருவர் ஒருங்கு பிறத்தல் இயலாது எனக் கூறிப் பிரபுவின் மனைவி அவளை இழித்துரைத்தாள். மனம் நொந்த அவ்வேழை, ஆண்டின் நாள்கள் எத்துணையோ அத்துணைக் குழந்தைகளை நீயும் ஈனக்கடவாய் எனச் சபித்தாள். அவ்வாறே 1276ஆம் ஆண்டிற் பெரிய வெள்ளிக்கிழமையன்று மார்கரெட் 365 குழந்தைகளை ஈன்று, அவர்களோடு தானும் இறந்தாள் என்பது கதை. அக்குழந்தைகளுக்குத் திருமுழுக்காட்டியன எனப்பட்ட கிண்ணங்கள் அவ்வூர்க் கோயிலிற் பன்னெடுங்காலம் காட்டப்பட்டுவந்தன; ஆங்கில நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் 1660ஆம் ஆண்டில் அங்கே சென்று அவற்றைக் கண்டார். எண்ணிக்கை கட்டுக்கதையே. எனினும், இரட்டையரைப் பெற்ற ஏழைத்தாய் அக்காலத்தில் எத்தகைய சொல்லைக் கேட்க நேர்ந்தது என்பதற்கும், அச்சொல் பெரும் பாவமெனப் பொதுமக்கள் மனம் கருதிற்று என்பதற்கும் அக்கதை சான்றாகின்றது.

ஆபிரிக்காவின் மேற்குக் கரையில் இவ்வச்சம் சொல்லோடு நில்லாது கொலையாகவும் முடிந்தது. இன்றைய நைசீரியாவின் தென்கிழக்கிலுள்ள கலபார் பகுதியிலே, இரட்டையருள் ஒருவர் தீய ஆவியின் பிள்ளை என்று நம்பப்பட்டமையால், குழந்தைகள் காட்டில் விடப்பட்டன. தாய் ஊரினின்றும் விலக்கப்பட்டாள். 1876ஆம் ஆண்டில் அங்கே சென்ற மேரி சிலெசர் என்னும் இசுக்கொத்துலாந்துப் பெண்மணி, எறியப்பட்ட குழந்தைகள் பலரை எடுத்து வளர்த்து, 1915ஆம் ஆண்டில் தாம் இறக்குமளவும் அவ்வழக்கத்தை எதிர்த்துப் போராடினார்.

அதே நாட்டின் தென்மேற்கில் வாழும் யொருபா மக்களிடையே வரலாறு வேறு திசையிற் சென்றது. பண்டு அவர்களும் இரட்டையரை அஞ்சினர். பின்னரோ, செல்வம் கொணர்வோர் எனப் போற்றத் தலைப்பட்டனர். இரட்டையருள் ஒருவர் இறப்பின் அவருக்காக இபேஜி எனப்படும் மரப்பாவை செதுக்கி, உயிருள்ள குழந்தைக்குச் செய்வது போல அதனை நீராட்டி உடுத்துதல் அவர் வழக்கம். முதலிற் பிறந்தவர்க்குத் தாயிவோ எனவும், பின்னர்ப் பிறந்தவர்க்குக் கெஹிந்தே எனவும் பெயரிடுவர். பின் வந்தவரே மூத்தவர் என்பதும், உலகம் எத்தகையதெனப் பார்த்துவர இளையவரை அவர் முன்னே அனுப்பினார் என்பதும் அவர் நம்பிக்கை. உலகில் இரட்டைப்பேறு மிக்க மக்களுள் யொருபா மக்கள் முன்னிற்பவர் என்பதும் இங்கே கருதத்தக்கது. அச்சமும் போற்றுதலும் ஒரே நிகழ்ச்சியின்பால் எழுந்த இருவேறு விடைகளேயாகும்.

சோதிடரும் அகுஸ்தீனும்

இரட்டையர் எழுப்பிய மற்றொரு வினா அறிவுலகைச் சார்ந்தது. பிறந்த வேளையே வாழ்வை வரையறுக்குமாயின், ஒரே வேளையிற் பிறந்த இருவர் வாழ்வு வேறுபடுவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடையிறுக்க விரும்பிய நிகிடியுஸ் என்னும் உரோம அறிஞர், சுழலும் குயவன் சக்கரத்தில் இயன்ற விரைவில் இருமுறை மையினாற் குறியிட்டார். சக்கரம் நின்றபோது இரு குறிகளும் தம்முள் வெகுதூரம் விலகியிருந்தன. வானமும் இவ்வாறே விரைந்து சுழலுதலின், சிறு இடைவெளியும் பெரு வேறுபாட்டை விளைக்கும் என்றார். அதனால் அவருக்குக் குயவர் என்னும் பொருளுடைய பிகுலுஸ் என்னும் பெயர் வாய்த்தது. 5ஆம் நூற்றாண்டில் அகுஸ்தீன் தமது கடவுளின் நகரம் என்னும் நூலிலே இவ்வுவமையைக் குயக்கலத்தினும் எளிதில் உடைவது என இகழ்ந்தார். அத்துணை நுண்ணிய இடைவெளியே முடிவை மாற்றுமாயின், மற்றையோர் பிறப்பு வேளையைப் பருமட்டாகக் கணித்துப் பலன் கூறுதல் எவ்வாறு தகும் என்பது அவர் எதிர்வினா. நாழிகை விநாழிகை பார்த்துச் சாதகம் கணிக்கும் வழக்கமுடைய நம் நாட்டிலும் இவ்வினா இன்றும் எழுவதே. அகுஸ்தீனுடைய வாதம் இரட்டையரின் காரணத்தை விளக்கவில்லை. ஆயினும், இரட்டையரை ஒரு கொள்கையைச் சோதிக்கும் அளவுகோலாகக் கொள்ளலாம் என்பதை அது காட்டிற்று. 1875ஆம் ஆண்டில் பிரான்சிஸ் கோல்ற்றன், மனிதனின் இயல்பிற் பிறப்பின் பங்கு எவ்வளவு, வளர்ப்பின் பங்கு எவ்வளவு என்பதை இரட்டையரைக் கொண்டு அளக்க முற்பட்டபோது, அவ்வெண்ணம் புதிய உருப்பெற்றது.

எண்ணிக்கை தந்த தெளிவு

காரணத்தை அறியுமுன்னரே அளவை அறிதல் இயலும் என்பதை 19ஆம் நூற்றாண்டு காட்டிற்று. பிறப்புக்கள் ஒழுங்காகப் பதிவுசெய்யப்படலானமையே அதற்கு வழி செய்தது. பிரசிய நாட்டில் 1826 முதல் 1849 வரை பதிவான ஏறத்தாழ 130 இலட்சம் பேறுகளை ஆராய்ந்த வைத்தியர் குஸ்தாவ் பைற் என்பார், 89 பேறுகளுள் ஒன்று இரட்டைப்பேறு எனவும், 7,910 பேறுகளுள் ஒன்று மூவரையும் 371,126 பேறுகளுள் ஒன்று நால்வரையும் தருவது எனவும் 1855ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

இவ்வெண்களிடையே ஓர் ஒழுங்கு காணப்பட்டது. 89ஐ 89ஆற் பெருக்க 7,921 வரும். இது மூவர் பிறப்புக்குரிய எண்ணை ஏறத்தாழ ஒத்தது. 1895ஆம் ஆண்டில் டியோனிஸ் ஹெலின் என்பார் இவ்வொழுங்கைத் தம் நூலில் எடுத்துரைத்தமையால் அது ஹெலின் விதி எனப் பெயர்பெற்றது. அவ்விதிப்படி நால்வர் பிறப்பு 704,969 பேறுகளுள் ஒன்றாதல் வேண்டும். பிரசியாவிற் கண்டதோ அதனினும் ஏறத்தாழ இருமடங்கு மிகுதி. ஆகவே இது நியூற்றனின் விதி போன்ற இயற்கை விதியன்று. நினைவில் வைத்தற்கு எளிதான ஓர் அண்ணளவே. மேலும், 89 என்னும் எண் ஐரோப்பிய நாடுகளுக்கே பொருந்தியது, பிறவிடங்களிற் பொருந்தவில்லை.

பதிவேடுகள் பிறிதோர் உண்மையையும் வெளிப்படுத்தின. இசுக்கொத்துலாந்தில் எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் 1855ஆம் ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்த வைத்தியர் மத்தியூஸ் டங்கன், தாயின் அகவை ஏறுந்தோறும் இரட்டைப்பேறு மிகுவதைக் கண்டார். பின்வந்த ஆய்வுகள் பலவும் இதனை உறுதிசெய்தன. இருபது அகவைக்கு உட்பட்ட தாய்மாரிடை இரட்டைப்பேறு குறைவு. முப்பத்தைந்து முதல் முப்பத்தொன்பது அகவையினரிடை அது உச்சமடைந்து, பின்னர்க் குறைகின்றது.

யேர்மனியின் இஸ்ருட்கார்ட் நகரிற் பணிபுரிந்த வைத்தியர் வில்ஹெல்ம் வைன்பேர்க் 1901ஆம் ஆண்டிற் கூறிய கணிப்புமுறை இவ்வாராய்ச்சியில் ஒரு திருப்பமாயிற்று. இரட்டையர் இருவகையர் என்னும் கருத்து அப்பொழுது நிலவியது. ஒரு சூலினின்றும் பிரிந்தோர் இருவரும் ஒரே பாலினராவர். இரு சூல்களினின்றும் பிறந்தோரோ, சாதாரண உடன்பிறந்தாரைப் போலப் பாதி ஒருபாலினரும் பாதி இருபாலினருமாக அமைவர். ஆதலின், ஆணும் பெண்ணுமாய் அமைந்த இணைகளை எண்ணி இரட்டித்தால் இருசூலிரட்டையர் தொகை கிடைக்கும், எஞ்சியோர் ஒருசூலிரட்டையராவர். எடுத்துக்காட்டாக, ஓரூரில் 1,000 இணைகளுள் 350 இணைகள் ஆணும் பெண்ணுமாயின், 700 இணைகள் இருசூலின. 300 இணைகள் ஒருசூலின. ஒரு குழந்தையையேனும் சோதியாது, பதிவேடு ஒன்றைக் கொண்டே உட்காரணத்தைப் பிரித்தறியும் இம்முறை மிக எளிது. மிக நுட்பமும் உடையது.

இம்முறையைப் பல நாடுகளுக்குக் கையாண்டபோது வியத்தகு முடிபொன்று பெறப்பட்டது. ஒருசூலிரட்டையர் அளவு எங்கும் ஆயிரம் பேறுகளுக்கு மூன்றரை அல்லது நான்கு என ஏறத்தாழ ஒருபடித்தாயிருந்தது. நாட்டுக்கு நாடு வேறுபட்டது இருசூலிரட்டையர் அளவேயாகும். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் யப்பானில் இருவகையும் சேர்ந்து ஆயிரத்துக்கு ஆறு அல்லது ஏழாயிருக்க, யொருபா மக்களிடை அது நாற்பத்தைந்தளவாயிருந்தது.

கருவின் உள்ளே

எண்ணிக்கை காட்டிய இருவகைக்கும் உயிரியல் சான்று தந்தது. 1827ஆம் ஆண்டில் கார்ல் ஏர்ன்ஸ்ற் வொன் பேர் பாலூட்டிகளின் சூலினை நுணுக்குக்காட்டியாற் கண்டார். 1876ஆம் ஆண்டில் ஒஸ்கார் ஹேர்ட்விக், கடல்முள்ளெலியின் சூலினுள் ஒரு விந்து புக, இரண்டின் கருக்களும் ஒன்றாதலை விளக்கினார். 1891ஆம் ஆண்டில் ஹன்ஸ் டிறீஷ் அவ்வுயிரின் முளையம் இருகலமாக இருந்த நிலையில் அக்கலங்களைக் குலுக்கிப் பிரித்தார். ஒவ்வொன்றும் பாதி உருவாகும் என எதிர்பார்க்கப்பட்டவிடத்து, அளவிற் சிறியதாயினும் முழுமையான உருவம் ஒவ்வொன்றினின்றும் வளர்ந்தது. சில ஆண்டுகளின் பின் ஹன்ஸ் ஸ்பேமன், நீரரணையின் முளையத்தை மயிரிழையால் இறுக்கி இரண்டாக்கியும் இத்தகைய முடிபையே கண்டார். அமெரிக்காவில் வாழும் ஒன்பதுபட்டை அர்மடில்லோ என்னும் விலங்கு ஒரு சூலினின்றும் நான்கு குட்டிகளை ஈனுதல் இயற்கை வழக்கம் என்பதும் 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வெளியாயிற்று.

மனித முளையம் பிரியுங் காலத்தைப் பொறுத்து விளைவு வேறுபடும். கருக்கட்டி மூன்று நாளுக்குள் பிரியின் இருவருக்கும் சூல்வித்தகமும் உறைகளும் தனித்தனியே அமையும். நான்கு முதல் எட்டு நாளுக்குட் பிரியின் சூல்வித்தகம் ஒன்றாயும் உள்ளுறை தனியாயும் அமையும். அதன்பின் பிரியின் உள்ளுறையும் ஒன்றாகும். ஏறத்தாழப் பதின்மூன்று நாளின் பின் பிரிவு தொடங்கின் அது முற்றுப்பெறாது, உடலொட்டிய இரட்டையர் பிறப்பர். சயாம் நாட்டில் 1811ஆம் ஆண்டிற் பிறந்து 1874ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இறந்த சாங், எங் என்னும் சகோதரர் இவ்வகையினர். சூல்வித்தகம் ஒன்றாயின் ஒரு குழவியின் இரத்தம் மற்றதற்குச் சென்று இருவருக்கும் இடர் விளைத்தல் கூடும். 1958ஆம் ஆண்டில் இயன் டொனால்ட் முதலியோர் வெளியிட்ட கழியொலிச் சோதனை முறை வளர்ந்தபின், இவ்வேறுபாடுகளைக் கருப்பையிலேயே கண்டு முன்னெச்சரிக்கை செய்தல் இயல்வதாயிற்று.

முளையம் ஏன் பிரிகின்றது என்பதற்கு முடிந்த விடை இன்னும் கிடைத்திலது. அது பெரும்பாலும் குடும்பவழி வருவதன்று. இருசூல் முதிர்தற்குரிய காரணங்களோ நன்கு விளக்கமுற்றன. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி சூலகத்தைத் தூண்டும் ஓமோனைச் சுரக்கின்றது. அவ்வோமோன் மிகுமாயின் ஒரு மாதத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சூல்கள் முதிர்தல் கூடும். அகவை ஏறச் சூலகத்தின் ஆற்றல் தளர, அதனைத் தூண்டுதற்கு ஓமோன் மிகுகின்றது. நடுவகவைத் தாய்மாருக்கு இரட்டைப்பேறு மிகுதற்கு இதுவே ஏது. நைசீரியாவில் ஆய்வு நடத்திய நைலாண்டர் என்பார், இரட்டையரைப் பெற்ற தாய்மாரிடம் இவ்வோமோன் மிகுந்திருத்தலை 1970களிற் காட்டினார். இவ்வோமோனோடு தொடர்புடைய பரம்பரையலகு ஒன்று உட்பட இரு பரம்பரையலகுகள் இருசூலிரட்டைப்பேற்றோடு தொடர்புடையன என்பதைப் பன்னாட்டறிஞர் கூடிச் செய்த ஆய்வொன்று 2016ஆம் ஆண்டில் வெளிப்படுத்திற்று. இவ்வியல்பு தந்தைவழி மகளுக்கும் செல்லுமாயினும், செயற்படுவது சூலுறும் பெண்ணின் உடலிலேயாகும்.

சில ஊர்களில் இரட்டையர் மிகுந்து காணப்படுதல் புதுக்கதைகளுக்கும் இடமளித்தது. பிறேசில் நாட்டின் கண்டிடோ கொடோய் என்னும் ஊரில் இரட்டையர் மிகுதற்கு, அவுஸ்விற்ஸ் சிறைமுகாமில் இரட்டைச் சிறுவரைக் கொடிய சோதனைகட்கு உட்படுத்திப் பின் தென்னமெரிக்காவுக்கு ஓடியொளித்த வைத்தியன் மெங்கெலேயே காரணம் என்றொரு செய்தி பரவிற்று. 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, கோயில் திருமுழுக்குப் பதிவுகளையும் குடும்பங்களின் பரம்பரையியல்பையும் சோதித்து அச்செய்திக்கு ஆதாரமில்லை என நிறுவிற்று. ஒரு சில குடும்பங்களே குடியேறித் தம்முட் கலந்த சிற்றூர்களில் ஒரு பரம்பரையியல்பு மிகுந்து தோன்றுதல் இயல்பே.

மனிதன் தலையிட்ட காலம்

1934ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் கனடாவின் ஒந்தாரியோ மாகாணத்திலே டியோன் என்னும் ஏழைக் குடும்பத்தில் ஐந்து பெண்குழந்தைகள் ஒருங்கு பிறந்தன. ஐவரும் சேர்ந்து ஏறத்தாழ ஆறு கிலோகிராம் நிறையே உடையராயிருந்தும், ஐவரும் பிழைத்தனர். அவ்வாறு பிழைத்த ஐவர் முன்னர் அறியப்பட்டிலர். ஐவரும் ஒரே சூலினின்றும் தோன்றியோர் என ஆய்வாளர் கண்டனர். ஆயின் மாகாண அரசு பெற்றோரிடமிருந்து அவர்களைப் பிரித்து, தனி மனையில் வைத்து வளர்த்தது. இலட்சக்கணக்கான மக்கள் கண்ணாடியூடாக அவர்களைப் பார்த்துச் சென்றனர். 1943ஆம் ஆண்டிலேயே அவர்கள் குடும்பத்தோடு சேர்ந்தனர். அக்காலத்தில் எஞ்சியிருந்த மூவருக்கு அவ்வரசு 1998ஆம் ஆண்டில் நாற்பது இலட்சம் டொலர் இழப்பீடு வழங்கிற்று. பழைய காலத்தார் அஞ்சி எறிந்த குழந்தையைப் புதிய காலத்தார் வியந்து காட்சிப்பொருளாக்கினர். இரண்டிலும் குழந்தையின் நலம் மறக்கப்பட்டது.

டியோன் ஐவர் இயற்கையாற் பிறந்தோர். சில பத்தாண்டுகளின் பின்னரோ மனிதனே எண்ணிக்கையை மாற்ற வல்லனானான். 1958ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த கார்ல் கெம்செல், மனிதக் கபச்சுரப்பியினின்றும் எடுத்த ஓமோனால் மகப்பேறற்ற பெண்களுக்குச் சூல் முதிரச் செய்தார். 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவில் குளோமிபீன் என்னும் மருந்து அனுமதிக்கப்பட்டது. 1978ஆம் ஆண்டு யூலை 25ஆம் நாள், உடலுக்குப் புறத்தே கருக்கட்டப்பட்ட முதற் குழந்தையாகிய லூயிஸ் பிறவுண் இங்கிலாந்திற் பிறந்தார். மகப்பேறின்றி வருந்திய எண்ணற்ற குடும்பங்களுக்கு இவை பேருதவியாயின. ஆயின் தூண்டப்பட்ட சூலகம் பல சூல்களை ஒருங்கு தரலாயிற்று. வெற்றியை உறுதிசெய்ய விரும்பிய வைத்தியரும் பல முளையங்களை ஒருங்கு கருப்பையில் இட்டனர்.

விளைவு எண்களில் தெரிந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1980ஆம் ஆண்டிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 18.9 பேர் இரட்டையராயிருக்க, 2014ஆம் ஆண்டில் அத்தொகை 33.9 ஆக உயர்ந்தது. மருந்தொடு தாய்மாரின் அகவை உயர்ந்தமையும் இதற்குக் காரணமாகும். 1971ஆம் ஆண்டில் சிட்னி நகரில் ஒரு தாய் ஒன்பது குழந்தைகளை ஈன்றாள். ஒரு கிழமைக்குள் ஒன்றும் எஞ்சவில்லை. 2021ஆம் ஆண்டில் மாலி நாட்டுத் தாயொருத்தி மொறொக்கோவிலே ஒன்பதின்மரை ஈன்று, ஒன்பதின்மரும் பிழைத்தமை மிக அரிய நிகழ்ச்சியே. மனிதக் கருப்பை பலரைத் தாங்குதற்கு அமைந்ததன்று. குறைமாதப் பிறப்பு, நிறைக்குறைவு, தாய்க்கு மிகையிரத்த அழுக்கம், குருதிப்பெருக்கு என்பன கருவின் எண்ணிக்கையோடு கூடுகின்றன.

இவ்வுண்மையை உணர்ந்து 2003ஆம் ஆண்டிற் சுவீடனும் பெல்சியமும் ஒருகால் ஒரு முளையத்தையே இடுதலை வழமையாக்கின. பிரித்தானியாவில் 1990களில் இம்முறையாலாய பேறுகளில் நான்கிலொரு பங்கினும் மிகுதியாயிருந்த பல்பேறு, 2019ஆம் ஆண்டில் நூற்றுக்கு ஆறாகக் குறைந்தது.

இன்றைய நிலை

மொண்டென், பிசோன், சிமிற்ஸ் என்னும் ஆய்வாளர் மூவர் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட கணிப்பின்படி, 1980களின் முற்பகுதியில் உலகில் ஆயிரம் பேறுகளுக்கு 9.1 ஆக இருந்த இரட்டைப்பேறு, 2010 முதல் 2015 வரையான காலத்தில் 12.0 ஆயிற்று. ஆண்டுதோறும் ஏறத்தாழ 16 இலட்சம் இணைகள் பிறந்தன. மேற்கு ஆபிரிக்காவின் பெனின் நாட்டில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 28 என்றும், தென்னாசியா, தென்கிழக்காசியாவின் பெரும்பகுதியில் ஒன்பதினும் குறைவு என்றும் முன்னைய ஆய்வொன்று காட்டிற்று. இலங்கையில் 1997ஆம் ஆண்டில் இரட்டையர் பதிவேடொன்று தொடங்கப்பட்டு, பரம்பரை, நோய், உளநலம் ஆகியவை பற்றிய ஆய்வுகட்குப் பயன்பட்டுவருகின்றது.

எனினும் அறிவின் பயன் எல்லோருக்கும் ஒப்பச் சென்றடையவில்லை. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்க நாடுகளில் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் இரட்டையருள் ஐவரில் ஒருவர் ஐந்து அகவை நிரம்புமுன் இறந்தனர். இரட்டைப்பேறு மிக்க நாடுகளிலேயே பிரசவ உதவியும் குறைமாதக் குழந்தைக்குரிய பராமரிப்பும் அரியனவாயிருத்தல் இதற்குக் காரணம். தாயைப் பழித்த மூடநம்பிக்கை பெரிதும் மறைந்த பின்னரும், வறுமை அக்குழந்தைகளை எறிந்துகொண்டிருக்கின்றது எனலாம்.

வாயு பிளந்ததென்றும், ஏழறை உண்டென்றும், ஆவியின் பிள்ளையென்றும் காரணம் கற்பித்த உலகம், பதிவேட்டை எண்ணியும் முளையத்தைப் பிரித்தும் ஓமோனை அளந்தும் உண்மையை அணுகிற்று. அவ்வுண்மை தாய்மாருக்கு அளித்த நன்மை பெரிது: இரட்டையர் ஒருவரையொருவர் ஒவ்வாதிருத்தல் தாயின் ஒழுக்கக் குறைவைக் காட்டாது என்பதும், இருவரைப் பெறுதலும் பெறாமையும் அவள் நல்வினை தீவினைகளின் அடையாளமன்று என்பதும் அதனாற் பெறப்பட்டன. காரணம் அறியாதவிடத்துப் பழிகூறாதிருத்தலும், காரணம் அறிந்தவிடத்து அவ்வறிவைக் குழந்தையின் நலத்துக்கே பயன்படுத்தலும் இவ்வரலாறு கற்பிக்கும் பாடங்களாம். இவற்றை உணர்ந்து ஒழுகுதல் கற்றோர் கடன்.